கண்ணை மூடிக்கொண்டு போட்ட மார்க்கு

“நாலெழுத்து படிச்சுட்டா பாட்டு புரிஞ்சுருமா? நீ போய் உன் கொரியாக்காரனுங்களுக்கு மார்க்கு போடு லா.”

கோயில் செயலாளர் எதிரில் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார். திருவிழாவையொட்டி எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஆண்டுதோறும் பாட்டுப் போட்டி நடக்கும். அப்பா அதில் நிரந்தர நடுவர். அந்த ஆண்டு மூன்றாவது நடுவர் கிடைக்கவில்லை. “ஒங்க மக யூனிவர்சிட்டி முடிச்ச புள்ள. அத உக்கார வெச்சா என்னண்ணே?” என்று கேட்கத்தான் செயலாளர் வந்திருந்தார். அப்பாவின் பதிலுக்கு அவர் சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்குப் போனதே இல்லை. அப்பா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் பள்ளியின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகம் போய், பட்டத்தோடு திரும்பி, இன்று ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் எங்கள் கூடத்தில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாட்டியவர் அப்பாதான். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. அது அவருடைய ராஜ்ஜியம்.

அப்பாவுக்கு ஒரே ஒரு பாடகி. எங்கள் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘அந்தம்மா’ என்றால் போதும். பழைய தமிழ்ப் படங்களில் மெல்லிய, உயர்ந்த குரலில் பாடியவர். மற்றவர்களுக்கு அந்தக் குரலின் இனிமை பிடிக்கும். அப்பாவுக்குப் பிடித்தது வேறு. “சொல்லு தெளிவா விழணும். ராகமெல்லாம் அப்புறம்தான்” என்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் அவருக்கு நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்த பல தமிழ்ச் சொற்கள் தெரிந்திருந்தன. எல்லாம் அந்தம்மாவின் வாயிலிருந்து கேட்டுக் கற்றவை. மூன்றாம் வகுப்புக்குப் பிறகு அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் அந்தக் குரல்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மாவின் ரசனை யாரும் எதிர்பார்க்க முடியாதது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் மலாய்க்காரப் பெண்களோடும் இந்தோனேசியப் பெண்களோடும் உதிரிப் பழம் பொறுக்கியவர் அவர். அந்த வேலையிடத்து ரேடியோவில் கேட்டுக் கேட்டு, நீளமுடி வைத்த ஒரு மலாய் ராக் பாடகன்மேல் உயிரையே வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் கோலா சிலாங்கூர் சந்தைக்குப் போகும்போது எங்கள் பழைய காருக்குள் சண்டை நடக்கும்.

“அவன் பாடுனா நெசமாவே அழுறான்யா. ஒங்க அந்தம்மா அழுதா கூட முத்து முத்தா, கோத்து வெச்ச மாதிரி அழுறாங்க.”

“அழுறதுக்கு எதுக்கு பாட்டு? சாவு வீட்டுக்குப் போ.”

பின்னிருக்கையில் நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கொரியப் பாடல்கள் கேட்டுக்கொண்டிருப்பேன். பதினான்கு வயதில் அந்த மொழியின் எழுத்துகளைக்கூடக் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடகர்களின் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை பேர் ஆடினாலும் ஒரு கால்கூடத் தவறாது. பல்கலைக்கழகம் போன பிறகு அதுவே சலித்தது. எல்லாக் குரலும் ஒரே பட்டறையில் தேய்த்து மெருகேற்றியதைப் போல ஒலித்தது. அப்போதுதான் விடுதித் தோழி ஒருத்தி நம் நாட்டுத் தமிழ் ராப் பாடகன் ஒருவனைக் கேட்க வைத்தாள். அடித்தொண்டையில், நிதானமாக, பேசுவதுபோலப் பாடினான். பாட்டின் நடுவில் ‘லயம்’ என்று ஒரு சொல் வந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்கு நாங்கள் சொல்லும் சொல். ஒரு பாட்டுக்குள் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். “இது பாட்டா? மண்டோர் ஆளுங்கள திட்டுற மாதிரில்ல இருக்கு” என்றார். அவருடைய தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அப்பா வேலை செய்தது செம்பனை ஆலையில், கொட்டை உடைக்கும் பகுதியில். அங்கே பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கையால் சைகை காட்ட வேண்டும். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அது பெரும்பாலும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். இதன் காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் பட்டம் முடித்து வந்த சமயத்தில் அப்பா ஒரு புதிய கருத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். “போன்ல ஏத்துன பாட்டெல்லாம் கெட்டுப்போச்சு. டேப்புல அந்தம்மா ஒரு சொல்லு சொன்னா கண்ணு முன்னால நிக்கும். இதுல முழுங்குறாங்க.”

எனக்கு இது பிடித்தமான சண்டையாக இருந்தது. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்துதான் வெளியிடுகிறார்கள், இப்போதுதான் இன்னும் தெளிவாக இருக்கிறது என்று வாதாடினேன். ரவாங்கில் நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கி வந்து வைத்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “முழுங்குறாங்க.” பழைய ஒலிநாடாவைத் தேடி எடுத்துப் போட்டோம். அதைக் கேட்டுவிட்டு “டேப்பும் பழசாயிருச்சு” என்றார். பாட்டுப் பைத்தியங்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் என் காரில் வரும்போது அந்த ராப் பாடகன் பாடிக்கொண்டிருந்தான். அணைக்கப் போனேன். அப்பா என் கையைத் தடுத்தார்.

“விடு. இவன் பரவால்ல. இவன் சொல்றது கேக்குது.”

அன்று நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவையே மாற்றிவிட்டேன் என்று தோழிகள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தப் போட்டி வந்தது. மூன்றாவது நடுவராகக் கடைசி நேரத்தில் வேறு ஒருவரைப் பிடித்திருந்தார்கள்.

நடுவராக அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாடுபவர் மேடையேறியதும் கண்ணை மூடிக்கொள்வார். “மூஞ்சியப் பாத்தா மார்க்கு ஏறிரும்” என்பார். சொந்தக்காரப் பிள்ளையாக இருந்தாலும் சரி, தோட்டத்து அலுவலகக் கிராணி மகளாக இருந்தாலும் சரி, அவருக்கு வெறும் குரல்தான். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் அவர்மேல் மரியாதை இருந்ததற்கு அந்த மூடிய கண்கள்தான் காரணம்.

ஈஜோக்கிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பதினைந்து வயதிருக்கும். அந்தம்மாவின் பாட்டு ஒன்றை எடுத்தாள். அவள் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். உச்சத்தில் குரல் மெலிந்து நூலாகப் போனபோதும் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழுந்தது. நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். அப்பா எதற்காக வாழ்நாளெல்லாம் சண்டை போட்டாரோ அது இதோ மேடையில் நிற்கிறது என்று நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். மூடிய கண்களுக்கு மேல் புருவம் சுருங்கியிருந்தது.

நடுவர்கள் ஒலிவாங்கியில் கருத்துச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் புகழ்ந்தார்கள். அப்பா எழுந்தார். “கொரல் இருக்கு. சொல்லு இல்ல. அந்தம்மா பாட்ட எடுத்துக்கிட்டு வார்த்தைய முழுங்குனா எப்படிம்மா?” உச்சரிப்புக்கு அவர் போட்ட மார்க்கில் அந்தப் பெண் மூன்றாவது இடத்துக்கும் கீழே போய்விட்டாள். முதல் பரிசு எங்கள் தோட்டத்துப் பையனுக்கு. கனத்த குரல்காரன். சுமாராகப் பாடினான்.

மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பெண்ணின் தகப்பனார் லோரி ஓட்டுபவர். கையில் கைத்தொலைபேசியோடு அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, நான் சண்டைக்கு வரல. பதிவு பண்ணி வெச்சிருக்கேன். எந்த எடத்துல முழுங்குனான்னு மட்டும் காட்டுங்க. திருத்திக்கிறோம்.”

கூட்டத்திலிருந்து ஒருவன், “சொந்தத் தோட்டத்துப் பையன்னா எல்லாச் சொல்லும் வெளங்கும் போல லா” என்றான். சிலர் சிரித்தார்கள்.

அப்பா கைத்தொலைபேசியை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இந்தா, இங்க” என்றார். “இந்த வரியில பாதி சொல்லக் காணோம்.”

பக்கத்தில் நின்ற எனக்கு அந்த வரி முழுசாகக் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. அந்தத் தகப்பனார் கைத்தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். “ஓரவஞ்சனை” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்தப் பாதிச் சொல் அவருக்கு உண்மையிலேயே வரவில்லை.

என் வேலையில் ஆண்டுக்கொரு முறை இயந்திரப் பகுதி ஆட்களைக் கேள்திறன் சோதனைக்கு அழைத்துப் போவேன். வருகிறவர்களில் யாரும் எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வதில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: இப்போதெல்லாம் ஆட்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். இரைச்சலில் கெட்ட காதுக்குக் குரல் கேட்கும், சொல் பிரியாது. மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். கனத்த குரல் கடைசிவரை நிற்கும். அப்பா போனைக் குறை சொன்னார், டேப்பைக் குறை சொன்னார், கடைசியில் ஒரு பெண்பிள்ளையைக் குறை சொன்னார். ராப்காரனைப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். நான் மாற்றியிருந்தது ஒன்றுமில்லை.

மறுநாள் மாலை வீட்டில் அதைச் சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“என்னைய செவிடன்னு சொல்லப்போறியா?”

“டெஸ்ட்டுக்குப் போவோம்னு சொல்றேம்பா.”

“செவிடன்னு சொல்றதுக்கு, ஓரவஞ்சனக்காரன்னே சொல்லிட்டுப் போகட்டும். அந்தப் பேரோட இருந்துக்குறேன்.”

அவர் அதை மனசாரத்தான் சொன்னார். நேர்மைக்காகவே கண்ணை மூடிய மனுஷன், அந்த நேர்மையையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். அவருக்கு எது பயமாக இருந்தது என்று அப்போது புரிந்தது. காதே போனால் அந்தம்மா போய்விடுவார்.

அதற்குமேல் வாதாடவில்லை. எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தம்மாவின் பாட்டு ஒன்றின் முதல் வரியைப் பாடாமல், மெல்லிய குரலில் சொன்னேன். என் பிறந்தநாள்தோறும் அவர் எனக்குப் பாடிய வரி அது. அவர் அசையவில்லை. தண்ணீர்க்குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அம்மா திரும்பியதை அப்பா பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏதாவது சொன்னியா?”

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “ரெண்டு வருசமா நான் பேசுனா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாரு. வயசான காலத்துல ஆசை வந்துருச்சுன்னு நெனச்சேன்” என்றார். அவருக்கே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மருத்துவமனையில் சோதித்த பெண் மலாய்க்காரர், என் வயதுதான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ஆலையில் காதடைப்பான் போடவில்லையா என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னார். அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில் விடாமல் ஒரு சுருதி ஓடுமாம். அதைப் பிடித்துக்கொண்டு அந்தம்மாவின் பாட்டுகளை உரக்கப் பாடுவாராம். அங்கே யாருக்கும் கேட்காது, எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம். காதை அடைத்துக்கொண்டால் சுருதி கிடைக்காது. அதனால் எடுத்துவிடுவார்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். வீடு திரும்பும் வழி முழுக்கச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே காரோட்டினேன்.

காதுக்கருவி வந்தது. முதலில் அந்தம்மாவைத்தான் போடச் சொன்னார். கேட்டுவிட்டு, “தகரத்துல கல்லப் போட்ட மாதிரி இருக்கு. இது அந்தம்மா இல்ல” என்று கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பாட்டு நின்றது. அம்மாகூடத் தன் ராக் பாடகனை நிறுத்திவிட்டார். “அவருக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?” என்றார். நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பாட்டில்லாத அமைதியை அங்கே அதற்கு முன் கேட்டதில்லை.

கருவிக்குப் பழகும்வரை தெரிந்த, எளிதான ஒலிகளிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தார்கள். காரில் போகும்போது நான் ராப்காரனைப் போட்டேன். கருவியை மாட்டிக்கொண்டு வரச்சொல்லிக் கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். சில வாரங்கள் கழித்து அவரே அம்மாவிடம், “ஒன் அழுமூஞ்சிய போடு, பாப்போம்” என்றார். அம்மா போட்டார். அப்பா முழுப் பாட்டையும் கேட்டார். “நெசமாத்தான் அழுறான்” என்றார். இத்தனை வருடச் சண்டையில் அம்மா ஜெயித்தது அன்றுதான். ஆனால் அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

அந்தம்மாவை மட்டும் அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, “ஈஜோக் போவோம்” என்றார்.

அந்த வீட்டு வாசலில் லோரி நின்றது. தகப்பனார் எங்களை உள்ளே வாங்க என்று சொல்லத் தயங்கினார். அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

“தம்பி, ஒம் புள்ள முழுங்கல. எங்காதுதான் முழுங்குச்சு.” காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினார். “கோயில் கமிட்டிக்கும் சொல்லிட்டேன். மைக்குல சொல்லச் சொல்லியிருக்கேன்.”

அவர் கமிட்டியிடம் போனது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அந்தப் பெண் கதவருகில் நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். “அந்தப் பாட்ட ஒருக்கா பாடுறியாம்மா? கோவமிருந்தா வேணாம்.”

அவள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் எங்களை உள்ளே வரச் சொன்னார். பிறகு கூடத்தில், அப்பாவுக்கு எதிரில், கையைக் கட்டிக்கொண்டு நின்று பாடினாள். அப்பா கண்ணை மூடவில்லை. என் நினைவில், எதிரில் நின்று ஒருவர் பாட அவர் கண் திறந்து கேட்டது அதுதான் முதல் முறை. அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சில இடங்களில் அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது. உச்சத்தில் குரல் நூலாகப் போனபோது அவர் உதடு நின்றது. கொஞ்சம் முன்னால் குனிந்தார். தேடினார். பிறகு மறுபடி உதடு அசையத் தொடங்கியது.

பாடி முடித்ததும் அப்பா நிமிர்ந்தார்.

“மேல போனப்போ எனக்கு எட்டல. எட்டுன வரைக்கும் ஒரு சொல்லு கெடல.”

“விடுங்கண்ணே,” என்றார் தகப்பனார். “அடுத்த வருசம் நீங்களே கேளுங்க.”

“அடுத்த வருசம் நான் உக்கார மாட்டேன். கேக்கத் தெரிஞ்சவங்க உக்காரணும்.”

அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் அவர் அந்தம்மாவைப் போடச் சொன்னார். தகரம்தான், இருந்தாலும் ஓடட்டும் என்றார். சொல் வராத இடங்களை அவரே பாடி நிரப்பிக்கொண்டார்.

நேற்று நான் செயலாளர் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு என் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ராப் பாடுகிற பிள்ளைகளுக்கும் இந்த முறை மேடை கொடுக்க வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“பாட்டுக்கு ஒத்துக்கலாம். ராப்புக்கு கமிட்டியக் கேக்கணும். ஒங்கப்பா என்ன சொல்றாரு?”

“அவர்கிட்ட கேக்கல அங்கிள். சொல்லத்தான் போறேன்.”

வீட்டுக்கு வந்தேன். அப்பா கூடத்தில், என் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கருவி மேசைமேல் பெட்டிக்குள் இருந்தது. எடுத்து மாட்டச் சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்து, என் வாய் அவருக்குத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“செயலாளர்கிட்ட பேர் குடுத்துட்டேம்பா.”